புது மாப்பிள்ளை கீறிய ட்ரான்ஸ்போமர் பிளான்

எதைச் சொன்னாலும் சுற்றியிருப்பவர்கள் தலையாட்டும் காலம் ஓர் ஆணின் வாழ்க்கையில் ஒருமுறைதான் வருகிறது. எங்கள் பகுதியில் கல்யாணம் முடித்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியேறுவார். அந்த முதல் இரண்டு மாதங்கள்தான் அது. நான் மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாகப் போனபோது கையில் புத்தம் புதிய இஞ்சினியர் பட்டமும் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் ஒருவன் எவ்வளவு ஆபத்தானவன் ஆகிறான் என்பதற்கு நானே சாட்சி.

மாமா, அதாவது மனைவியின் வாப்பா, ஒலுவில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் தூள் ஐஸ் தொழிற்சாலை தொடங்கிக்கொண்டிருந்தார். இயந்திரம் ஜப்பானில் பாவித்த பழையது. அதற்கு இருநூறு வோல்ட் மும்முனை மின்சாரம் வேண்டும், நம்முடையதோ நானூறு. இடையில் ஒரு ட்ரான்ஸ்போமர் வைக்க வேண்டும். உள்ளே போக எந்த வயர், வெளியே வர எந்த வயர், கரண்ட் மீறினால் வெட்ட எந்த பிரேக்கர் என்று யாராவது கணக்குப் பார்க்க வேண்டும்.

“வீட்டில இஞ்சினியர் இரிக்கக்குள்ள வெளிய ஏன் போற?” என்றார் மாமா.

ஒரே மாலையில் பிளானைக் கீறி முடித்தேன். உள்ளே போவது நூற்றெட்டு அம்பியர் (மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்துத்தான், சந்தேகம் வேண்டாம்). அதற்கு 125 அம்பியர் பிரேக்கர். கொழும்பில் நானே வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். வெளியே வரும்போது வோல்ட் பாதியாகிறதே, வயரும் பாதி போதும் என்று மெல்லிய வயர். அந்தப் பக்கம் பிரேக்கரும் தேவையில்லை என்று விட்டுவிட்டேன். (மின்சாரம் படித்தவர்கள் இப்போதே தலையில் அடித்துக்கொள்ளலாம். மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.)

வயரிங் வேலை ரபீக்கிடம். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன், ஓ.எல். பரீட்சை முடித்ததும் வேலைக்குப் போய்விட்டான். பிளானை நெடுநேரம் பார்த்தான். முன்பெல்லாம் என் கணக்குக் கொப்பியைப் பார்த்தாலே “என்னடா கிறுக்கியிரிக்காய்?” என்பவன், பக்கத்தில் நின்ற மாமாவை ஒருதரம் பார்த்துவிட்டு, “மாஷா அல்லாஹ், நல்ல வடிவா கீறியிரிக்கீங்க” என்றான். மாமனார் முன்னால் புது மாப்பிள்ளையைப் பிழை சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. அந்த மடையனுக்கு (எனக்கு) அது பாராட்டாகவே கேட்டது.

திறப்பு நாள் வந்தது. பின்நேரம் கடலுக்குப் போகும் படகுகளுக்கு ஐஸ் தருவதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தார். முதல் நாளே வாக்குத் தவறினால் படகுக்காரர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மாமா பிஸ்மி சொல்லிச் சுவிட்சைப் போட்டார். ட்ரான்ஸ்போமர் ‘ம்ம்’ என்றது. பிரேக்கர் ‘டக்’ என்று விழுந்தது. மறுபடி போட்டார். டக். கைராசிக்காரர் என்று ஒரு படகு முதலாளியைக் கூப்பிட்டுப் போடச் சொன்னார்கள். டக். நான் ஜப்பானைக் குற்றம் சொன்னேன். பிறகு ஊர்க் கரண்டை. பிறகு கடல் காற்றின் உப்பை. மாமா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “பரவாயில்ல மருமகன், வெயிலுக்குள்ள நிக்காதீங்க” என்றார். மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ரபீக் என் காதருகே வந்தான். “மச்சான், ஓடக்குள்ள எவ்வளவு இழுக்கும் எண்டு பாத்திரிக்காய். எழும்பக்குள்ள எவ்வளவு இழுக்கும் எண்டு பாக்கல்ல. ட்ரான்ஸ்போமர் முதல் மூச்சு எடுக்கக்குள்ள பத்து மடங்கும் இழுக்கும்டா. கண் மூடித் தொறக்கிற நேரந்தான். உன்ட பிரேக்கர் அதுக்கே பயந்து விழுது.”

தன் முச்சக்கரவண்டியிலிருந்து இன்னொரு பிரேக்கரை எடுத்தான். அதுவும் 125 அம்பியர்தான். ஆனால் அந்த முதல் இழுவையைப் பொறுக்கும்படி திருகி வைக்கலாம். அரை மணியில் மாற்றினான். மாமா சுவிட்சைப் போட்டார். இயந்திரம் ஓடத் தொடங்கியது.

மாமா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “இஞ்சினியர் எண்டா இப்பிடி இரிக்கணும்!”

“ஓம் ஹாஜியார், எல்லாம் மாப்பிள்ளட பிளான்தான்” என்று மாமாவிடம் சொன்னான் ரபீக். நானும் வெட்கமில்லாமல் நெஞ்சை நிமிர்த்தினேன்.

அப்போதுதான் ட்ரான்ஸ்போமரின் வெளிப்பக்கத்தைக் கவனித்தேன். பெருவிரல் பருமனில் வயர்கள், பக்கத்தில் ஒரு பிரேக்கர். இரண்டும் என் பிளானில் இல்லை. அவனைத் தனியே இழுத்துப்போய், “இது எப்ப?” என்றேன்.

“போன கிழமை. வோல்ட் பாதியானா கரண்ட் ரெண்டு மடங்காகும்டா. உன்ட வயரப் போட்டிருந்தா உள்பக்கத்துப் பிரேக்கருக்கு ஒண்டும் தெரியா, வயர்தான் எரியும். சுத்திவர ரெஜிபோம் வேற.”

ஐஸ் அறையின் சுவரெல்லாம் குளிர் காக்கும் அந்த வெள்ளை ரெஜிபோம் நுரைப்பலகைதான். ஒரு பொறி போதும். அவன் தோளைப் பிடித்தேன். “ஏன்டா சொல்லல்ல?”

“உன்ட மாமனாருக்கு முன்னால எப்பிடிச் செல்ற? அதான் செஞ்சிட்டன். நீ மடியில வெச்சுக் கொண்டுவந்த பிரேக்கர மட்டும் கழட்ட மனம் வரல்ல.”

என் மானத்தையும் மாமாவின் தொழிற்சாலையையும் சத்தமில்லாமல் காப்பாற்றிவிட்டு, அந்த நல்ல பெயரையும் எனக்கே கொடுத்திருந்தான். பட்டம் பெற்றவன் அவன்தான் என்று தோன்றியது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் சஹன் என்ற பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். மாமா முழுவதையும் கேட்டார். பிறகு என் பக்கம் வைத்திருந்த முழுக் கோழித்தொடையை எடுத்து ரபீக்கின் பக்கம் வைத்தார். புது மாப்பிள்ளைக் காலம் அத்தோடு முடிந்தது.

அன்றிலிருந்து ரபீக்கிடம் காட்டாமல் நான் எந்தப் பிளானிலும் கையொப்பம் வைப்பதில்லை. வீட்டில் அது பெரிய பகிடி. தேநீர் ஊற்றிக் கொடுத்தாலும் மனைவி, “ரபீக் பாத்தாரா?” என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பாள். மூத்த மகள் பிறந்தபோது மூன்று பெயர்களை எழுதிக்கொண்டு மனைவியிடம் போனேன். அப்போதும் அதே கேள்வி. சரியென்று கொண்டுபோய்க் காட்டினேன். மூன்றையும் (இம்முறை என் மாமனாருக்கு முன்னாலேயே) வெட்டிவிட்டு அவன் எழுதித் தந்த பெயரோடுதான் இன்று என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள்.