ஒரு டன் கழிவு தேவை

"பூஜ்யத்த ஏத்துக்க மாட்டேங்கு, அண்ணாச்சி," என்றாள் பட்டறை ஆபீஸில் வேலை பார்க்கும் ஜெபிஷா.

மந்திரமூர்த்தி அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். 'சென்ற ஆண்டு உங்கள் கழிவு எத்தனை டன்?' என்ற கேள்விக்கு எதிரே அவர் போடச் சொன்ன பூஜ்யத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழுந்திருந்தது.

"நல்லா அழுத்திப் போடு."

"மூணு தடவ போட்டாச்சு. அழுத்துனா மட்டும் மாறிருமா?"

கப்பலில் சரக்குக்கு முட்டுக் கொடுத்து வரும் பலகைகளைத் துறைமுகத்தில் மொத்தமாக எடுத்து, பிரித்து, இழைத்து, சரக்கு அடுக்கும் பேலட்டும் பெட்டியுமாக அடித்து மறுபடி கப்பலுக்கே விற்பது அண்ணாச்சியின் தொழில். வளைந்த ஆணியை நிமிர்த்தி அடிக்கிற பட்டறை. டென்மார்க் கம்பெனி ஒன்று மூன்று வருட ஆர்டரோடு தயாராக நின்றது. நிபந்தனை ஒன்றுதான். எதையும் வீணாக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற கம்பெனி இது என்று, அவர்கள் சொன்ன சாப்ட்வேரில் திங்கட்கிழமைக்குள் பச்சை முத்திரை வாங்க வேண்டும். முத்திரை வந்தால் ஆர்டர். ஆர்டர் வந்தால் இரண்டாவது அறுவை மிஷின். வராவிட்டால் ஆர்டர் கொச்சிக்காரனுக்கு. 

"என் வாசலத் தாண்டி ஒரு சிராய் ஓசியாப் போனது கெடையாது. கழிவுக்கு நான் எங்க போவேன்?" என்றார். சொல்லும்போதே முதுகு நிமிர்ந்தது. கடைத்தெரு முழுக்க இதைச் சொல்லி முடித்திருந்தார்.

"மரத்தூளு?"

"அது கடல்காத்து கொண்டுபோயிரும். பின்னால கொட்டுதோம், சாயங்காலம் பாத்தா இருக்காது. இப்ப நாலஞ்சு வருசமா காத்தும் கூடிப்போச்சு."

ஜெபிஷா சாப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். கோயம்புத்தூரிலிருந்து அனுசியா என்ற பெண் பேசினாள்.

"கழிவு இருந்தாத்தானுங்க சார் அதைக் குறைச்சீங்கன்னு காட்ட முடியும்? ஆரம்பத்துலயே ஒண்ணுமில்லைன்னா சிஸ்டம் உங்களை எதுல சேர்க்கும்?"

"அப்ப அழுக்கா இருந்தவனுக்குத்தான் குளிச்சதுக்கு சர்ட்டிபிகேட்டு. தெனம் குளிக்கவனுக்குக் கெடையாது."

"ஒரு டன்னாவது காட்டுங்க சார். எடைச்சீட்டு, குவியலோட ஒரு போட்டோ. இருபத்திநாலு மணி நேரம் கழிச்சு அதே இடத்துல இன்னொரு போட்டோ. யாரும் எடுத்துக்கலைன்னாத்தானுங்க அது கழிவு."

போனை வைத்ததும் ஜெபிஷா மெல்லக் கேட்டாள்: "பேசாம ஒண்ணுன்னு போட்டுருவமா அண்ணாச்சி?"

"வெலையில பொய் சொல்லலாம், அது யாவாரம். எடையில சொல்லக் கூடாது. அது களவு. ஒரு டன்னுதான? உண்டாக்கிருவோம்."

வியாழக்கிழமை காலையில் ஒரு டன் மரத்தூளும் இழைப்புச் சுருளும் எடை போட்டுப் பட்டறைக்குப் பின்பக்கம் குவித்தார்கள். அண்ணாச்சி குவியலுக்குப் பக்கத்தில் நின்று, மாப்பிள்ளைத் தோரணையில் போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு மத்தியானச் சாப்பாடு, வழக்கமான ஒரு மணி நேரத் தூக்கம். நான்கு மணிக்குப் போய்ப் பார்த்தால் வெறுந்தரை.

"வே அற்புதமணி, எங்கவே குவியல்?"

வாட்ச்மேன் அற்புதமணி ஆகாயத்தைப் பார்த்தார். "காத்து ஜாஸ்தி, அண்ணாச்சி."

வீட்டில் தோசை வைத்துக்கொண்டே மனைவி செல்வராணி கேட்டாள்: "நாளைக்கி என்னத்தத் தூக்கிப் போடப் போறிய?"

தன் கவலையை அக்கறையாக விசாரிக்க ஒரு ஜீவன் இருக்கிறது என்று அண்ணாச்சி நெகிழ்ந்தார். "பலகத் துண்டு. காத்து அசைக்க முடியாததாப் பாத்துப் போடுதேன்."

"நெறைய போடுங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை ஒரு டன் பலகைத் துண்டு. எடைச்சீட்டு, போட்டோ, சாப்பாடு, தூக்கம். நான்கு மணிக்குப் பார்த்தால் துண்டு இல்லாதது மட்டுமில்லை, தரையில் விளக்குமாற்றுக் கோடு தெரிந்தது.

"காத்து பெருக்கிட்டாவே போகும்?"

"வெளிய இருந்து ஒரு ஆளு உள்ள வரல, அண்ணாச்சி. நாலுமாவடி ஜெபக்கூடாரத்து மேல சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன்."

"புதைச்சுவச்சு போட்டோ எடுப்பமா?" என்று அண்ணாச்சி ஜெபிஷாவிடம் கேட்டார்.

"ஆதிச்சநல்லூர்ல புதைச்சதெல்லாம் எத்தனையோ ஆயிரம் வருசம் கழிச்சு வெளிய வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒக்காந்துருக்கு. நம்ம மண்ணும் எதையும் வேஸ்ட் பண்ணாது, அண்ணாச்சி."

அந்த நிலைமையிலும் அவருக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை முடிவெடுத்துவிட்டார். தூக்கம் ரத்து. குவியலை முன்வாசலில், ரோட்டோரம், தன் கண் முன்னால் போட்டார். 'இது கழிவு. யாரும் எடுக்கக் கூடாது' என்று போர்டு எழுதி நட்டு, நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்தார்.

எடுக்கக் கூடாது என்று எழுதிப்போட்டு ஒரு முதலாளி காவல் இருக்கிறார் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதானே ஊர் நினைக்கும். பத்து நிமிடத்தில் ஐந்து பேர் கூடிவிட்டார்கள். புதுக்கோட்டையில் பேக்கரி வைத்திருக்கும் செல்வின் பைக்கை நிறுத்திவிட்டு ஒரு துண்டை எடுத்து முகர்ந்தான்.

"தேக்கு மாதிரில்லா இருக்கு. என்ன வெல அண்ணாச்சி?"

"இது விக்கதுக்கு இல்லப்பா. கழிவு."

"கழிவுன்னா கொறச்சித்தான தரணும்? ஆயிரம் வச்சுக்கிடுங்க."

அண்ணாச்சியின் காது சூடானது. "ஆயிரமா? பர்மாவுல இருந்து கப்பல் ஏறி வந்த கட்டப்பா இது. ஒன் அடுப்புல வச்சா பன்னுக்கே தனி வாசம் வரும்."

"ரெண்டாயிரம்."

"மூணு நாள் காயப்போட்டு வச்சிருக்கேன். நாலுக்குக் கொறஞ்சு பேச்சே கெடையாது."

அரை மணி நேரம் நடந்தது. செல்வின் பைக்கில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கினான். மூவாயிரத்து நூறுக்கு முடிந்து, செல்வின் வரவழைத்த மினிலாரியில் குவியல் ஏறிப் போனது. பணத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, வெற்றியோடு திரும்பிய அண்ணாச்சிக்குத் தனியாக நின்ற போர்டு தெரிந்தது.

"அண்ணாச்சி," என்றாள் ஜெபிஷா, "நம்ம கழிவ நீங்களே வித்துட்டிய."

"வெல கேட்டுட்டான்ளா. நான் என்ன செய்ய?"

வீட்டில் மத்தியானச் சோறு போட்டுக்கொண்டிருந்த செல்வராணி ரசக்கரண்டியை டொக்கென்று வைத்தாள். "எதுக்கு முன்வாசல்ல போட்டிய? வித்துட்டியளா? நல்ல துண்டாச்சே." அன்றைக்கு அப்பளம் வரவில்லை. சாப்பிட்ட கையோடு, பட்டறைக்குப் பின்னாலுள்ள பழைய சரக்குக் கிட்டங்கியில் அவள் நடத்தும் மகளிர் சங்கத்துக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அங்கே இருபது பெண்கள் மசாலோ மாவோ அரைக்கிறார்கள். சத்தம் கேட்கும். அண்ணாச்சி போய்ப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை. கழிவு இல்லை. அண்ணாச்சி தானே போனை எடுத்தார்.

"தாயி, ஒன்னையும் ஏமாத்த மாட்டேன், டென்மார்க்காரனையும் ஏமாத்த மாட்டேன். எங்கிட்ட கழிவு இல்ல. ஆர்டர் கொச்சிக்கே போகட்டும்."

"சார், நானே கூப்பிடலாம்னு இருந்தேன்," என்றாள் அனுசியா. "காலையில ஜெபிஷா மேடம் உங்க ஜி.எஸ்.டி. நம்பரை ஏத்துனதும் சிஸ்டம் தானா சேர்த்துருச்சுங்க. உங்க கழிவு போன வருசம் நாற்பத்தொரு டன்."

அண்ணாச்சி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"எங்க சாப்ட்வேர்ல இன்னொரு கம்பெனி இருக்குங்க. மரத்தூளை அழுத்தி அடுப்புக்கட்டி, துண்டுப் பலகையில குழந்தைங்க பொம்மை. ஜெர்மனிக்கெல்லாம் அனுப்பறாங்க. எங்க வாடிக்கையாளர்கள்லயே அவங்கதான் முதல் இடம். சரக்கு மொத்தமும் உங்ககிட்ட இருந்துன்னு தேதி வாரியா, எடை வாரியா பதிஞ்சிருக்காங்க. நாற்பத்தொண்ணும் பொருளா மாறியிருக்கு. உங்களுக்குப் பச்சை விழுந்துருச்சு, பாருங்க."

திரையில் பச்சை விழுந்திருந்தது. ஜெபிஷா கைதட்டினாள்.

"என்ன வெலைக்கு எடுத்தாவளாம்?" என்றார் அண்ணாச்சி.

"விலைன்னு போட்ட இடத்துல பூஜ்யம்னு இருக்குங்க."

"அத மட்டும் ஏத்துக்கிட்டாக்கும் ஒங்க சிஸ்டம். யாரு அது?"

"பேர் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லைங்க, சார்."

போன் அடங்கியது. அண்ணாச்சியின் முகம் கறுத்தது, சிவந்தது, அப்புறம் மெல்ல மெல்ல மலர்ந்தது. ஏலம் எடுக்கும் வீட்டில் பிறந்து பேரத்தில் வளர்ந்த ரத்தம். தொழில் தெரிந்தவனைக் கண்டால் மதிக்காமல் இருக்க அதற்குத் தெரியாது.

"நாப்பத்தோரு டன்னு," என்றார் வாசலில் நின்ற அற்புதமணியிடம். "எங்கிட்ட இருந்து. ஓசியா. ஜெர்மனி வரைக்கும் வித்துருக்கான். இவன்லாவே யாவாரி. ஆளு மட்டும் யாருன்னு தெரியட்டும், இந்தக் கடைத்தெரு பாக்க மால போட்டு, கால்ல விழுந்து கும்பிடுதேன். பட்டறைய அவன் கையில குடுத்துட்டு நான் கணக்கப்பிள்ளையா ஒக்காரத் தயார்."

"வாக்கு மாற மாட்டியள்லா?"

"எடை மேல சத்தியம்."

அற்புதமணி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"காத்துதான் அண்ணாச்சி அது, தெனம் மூணு மணிக்கு நீங்க கண்ணசந்ததும் கிட்டங்கிக் கதவ நான்தான் தொறந்துவிடுதேன், ஒங்களுக்கு உறக்கம் நல்லா வரணும்னு மத்தியானச் சோத்துக்கு ரெண்டு கரண்டி தயிரு கூட ஊத்துததும் அந்தக் காத்துதான்."