ஜட்ஜ் அண்ணாச்சி விசாரித்த அம்பாசடர்

திருநெல்வேலி ஜில்லாவில் கிளம்பாத கார் என்று ஒன்று இருந்ததே இல்லை; ஜட்ஜ் அண்ணாச்சி இன்னும் பார்க்காத கார்தான் இருந்தது. தொண்ணூறுகளில் வண்ணார்பேட்டை பஸ் இரைச்சலுக்கு நடுவே ஒரு வேப்பமரத்தடிதான் அவருடைய ஒர்க்‌ஷாப். பெயரை நான்கு தடவை கேட்டிருக்கிறேன். "பேரத் தெரிஞ்சு என்ன செய்யப் போறிய சார்வாள், ரேஷன் கார்டுல சேக்கப் போறியளா?" என்பார்.

பானெட்டைத் திறந்ததும் ஸ்பேனரை எடுப்பவனை அவர் மெக்கானிக் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். "வயித்துவலின்னு வந்தவனுக்கு எடுத்ததும் வயித்தக் கிழிக்கவனாவே டாக்டரு?" முதலில் கார்க்காரரின் வாக்குமூலம். விக்கி நின்றதா, குலுங்கி நின்றதா, சத்தமில்லாமல் அடங்கியதா? அப்புறம் ஒவ்வொரு பாகமாக விசாரணை. குற்றமில்லாத பாகத்தைப் பெயர் சொல்லி விடுதலை செய்வார். கடைசியில் தீர்ப்பு. எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் எட்டுப் பேர் உட்காரலாம். தீர்ப்பு நேரத்தில் பதினான்கு பேர் இருப்பார்கள்.

அவர் தீர்ப்பில் காருக்குத் தண்டனை கிடைத்தது குறைவு. கார்க்காரருக்குத்தான் அதிகம்.

கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் காரை இருபது நிமிஷம் விசாரித்துவிட்டு, "டேங்கு காலி. காருக்கு ஒரு நோயும் இல்ல, ஐயாவுக்குத்தான் மறதி" என்று பஸ் ஸ்டாப் வரை கேட்கும்படி சொன்னார். பேராசிரியர் அதன்பின் ஆறு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை. ஜவுளி வியாபாரி ஒருவர், பெட்ரோல் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே காரைக் கழுவியிருக்கிறார். பெட்ரோல் இழுக்கும் பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றி வெயிலில் தூக்கிக் காட்டினார் ஜட்ஜ். அடியில் பாதிக்குமேல் தண்ணீர். "அண்ணாச்சி தாமிரபரணியவே வண்டிக்குக் குடிக்கக் குடுத்துட்டாருவே!" அன்று பெஞ்சில் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

என் முறையும் வந்தது.

என் மகளுக்குக் கூடங்குளம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை வேலை. எங்கள் குடும்பத்தில் உத்தியோகத்துக்குப் போகும் முதல் பெண். உத்தரவு கைக்கு வந்ததே கடைசித் தேதிக்கு முந்தின நாள்தான். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்; இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பஸ்ஸில் போகிறேன் என்றாள். நான் விடவில்லை. அந்தப் பள்ளி வாசலில் அவள் என் அம்பாசடரிலிருந்துதான் இறங்க வேண்டும்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஆறு இருபதுக்குக் கிளம்பினோம். வண்ணார்பேட்டைக்குள் நுழைந்ததும் கார் இரண்டு தடவை விக்கியது, நின்றது. ஒன்பது தடவை ஸ்டார்ட்டரை அழுத்தினேன். மணி ஏழு நாற்பத்திரண்டு. வேப்பமரம் நூற்றுப்பன்னிரண்டு அடி தூரம், தள்ளிக்கொண்டு போனோம்.

"எப்படி நின்னுச்சு சார்வாள்?"

"ரெண்டு விக்கல், அவ்வளவுதான். டேங்க் நிறையப் பெட்ரோல் இருக்கு. நேத்து சாயங்காலம் போட்டது. அண்ணாச்சி, மக பள்ளிக்கூடத்துல வேலைக்குச் சேரணும், பன்னிரண்டுக்குள்ள..."

"பதறாதிய. நீங்க பதறுனா வண்டியும் பதறும்."

"நான் பஸ்ல போயிருதேன்ப்பா" என்றாள் மகள்.

"எட்டரை வரைக்கும் டயம் குடுங்க, டீச்சரம்மா" என்றார் அவர். அவளை முதன்முதலில் டீச்சர் என்று கூப்பிட்டவர் அவர்தான்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். நீலப்பொறி பளிச்சென்று அடித்தது. "பிளக் விடுதலை." கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிவிட்டு என்னை ஸ்டார்ட்டரை அழுத்தச் சொன்னார். ஒரு சொட்டு வரவில்லை. "சோறே வராதவன் மேல என்ன கேசு? கார்புரேட்டர் விடுதலை." பம்பின் குழாயை ஒரு பாட்டில் பெட்ரோலுக்குள் விட்டார். பம்ப் மடமடவென்று இழுத்துக் கக்கியது. "பம்பும் விடுதலை."

"எல்லாத்தையும் விட்டுட்டீருன்னா யாரத்தான்வே புடிக்கப் போறீரு?" என்றது பெஞ்ச்.

மணி எட்டு பதினொன்று. ஜட்ஜ் பைய நடந்து காரின் பின்னால் போனார். பெட்ரோல் மூடியைத் திருகினார். ஆற்றில் முங்கி எழுந்தவன் மூச்சு இழுப்பது போல 'உஸ்' என்று ஒரு சத்தம்.

"புடிச்சாச்சு" என்றார். "பெட்ரோல் வெளிய போகப் போக உள்ள காத்து வரணும். அதுக்குத்தான் மூடியில ஒரு துளை. அத எவனோ..." சொல்லிக்கொண்டே மூடியைத் திருப்பியவர் நிறுத்தினார்.

துளையில் சிவப்பு அரக்கு. கருவூலத்தில் முப்பத்திரண்டு வருஷம் பைகளுக்கு அரக்கு வைத்த கை என்னுடையது. நிறைய ஊற்றிய பெட்ரோல் வெயிலில் ஆவியாகிவிடுமே என்ற கவலையில் முந்தின சாயங்காலம் வைத்தேன். என் மேஜையில் கிடக்கும் அந்த அரக்குக் குச்சியை மகளுக்குக் குழந்தையிலிருந்தே தெரியும். எதிலும் கணக்குத் தப்பாதவர் அப்பா என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

ஜட்ஜ் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"தீர்ப்பச் சொல்லும்வே" என்றது பெஞ்ச். பதினேழு பேர் இருந்தார்கள்.

அவர் உள்ளங்கையை மூடினார். கட்டைவிரல் நகம் மட்டும் உள்ளே சுரண்டியது.

"தூசி" என்றார்.

"அப்பா தினம் துடைக்காங்களே, எப்படித் தூசி வந்துச்சு?" என்றாள் என் மகள்.

"துடைக்கதுனாலதான் டீச்சரம்மா. துடைக்கத் துடைக்கத் தூசி எங்கன போவும்? துளைக்குள்ளதான் போவும்."

இப்படி ஒரு விளக்கத்தை வேறு எவன் சொல்லியிருந்தாலும் ஜட்ஜ் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு விரட்டியிருப்பார். பெஞ்ச் முணுமுணுத்தபடி கலைந்தது. குழாய்களை மாட்டி மூடியைப் போட்டதும் கார் மூன்றாவது அழுத்தலில் கிளம்பியது.

பதினொன்று இருபத்தாறுக்குப் பள்ளி வாசலில் நிறுத்தினேன். என் மகள் அம்பாசடரிலிருந்து இறங்கிப் போய்க் கையெழுத்துப் போட்டாள்.

தனியாகத் திரும்பும் வழியில் மரத்தடியில் இறங்கி, "அண்ணாச்சி, அந்த அரக்கு..." என்று தொடங்கினேன்.

"என்ன அரக்கு?" என்றார். நகத்தில் சிவப்பு இன்னும் இருந்தது. "டீச்சரம்மா சேந்துட்டாவளா, அதச் சொல்லுங்க."

இன்றுவரை என் மகளுக்கு விஷயம் தெரியாது. இது வெளிவரும் பத்திரிகை அவள் வீட்டுக்கும் போகிறது. போகட்டும். அந்த மனிதரை அவள் தெரிந்துகொள்ள வேண்டும்.