தங்கராஜு சுட்டுக்கொண்ட காலை

என் வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது என்று சொன்னால், புதிதாகப் பழகுகிறவர்கள் என்னை ஒரு தினுசாகப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே அறிமுகமான ஐந்தாவது நிமிடத்துக்குள் அதைச் சொல்லிவிடுவேன். அதைக் கையில் எடுக்கவே எனக்குப் பயம் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன், பாரம் குறையட்டும்.

கம்போங் குவாந்தான் பக்கம் எனக்குக் கொஞ்சம் செம்பனை (எண்ணெய்ப் பனை) நிலம் உண்டு. பனங்கன்றுகளைத் தின்னக் காட்டுப்பன்றிகள் வரும். அதற்காகப் போலீசில் உரிமம் எடுத்து வாங்கிய ரெட்டைக்குழல் அது. உரிமம் என் பெயரில் இருப்பதால் வேறு யாரும், கட்டிய மனைவியே ஆனாலும், தொடக்கூடாது. தொட்டால் என்ன ஆகும் என்பதைச் சட்டம் மிகத் தெளிவாகச் சொல்கிறது. பதினோரு ஆண்டுகளில் நான் சுட்ட பன்றிகள் மொத்தம் அரை. (தங்கராஜு சுட்டான், நான் பக்கத்தில் நின்று கத்தினேன். அதில் பாதி எனக்குச் சேரும் என்று அவனே பெரிய மனதோடு ஒப்புக்கொண்டான்.)

தங்கராஜு என் பள்ளித் தோழன். பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுபவன். ஆறாங்கட்டைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், மனைவி மல்லிகாவோடு இருக்கிறான். நான் அதே தோட்டத்து அலுவலகத்தில் கிராணி (எழுத்தர்), அங்குள்ள மருந்துப் பெட்டியும் என் பொறுப்பு. என் நிலத்துக்குப் பக்கத்திலேயே அவனுக்கும் ஒரு துண்டு நிலம், அவனுக்கும் ஓர் உரிமம். எங்களையும் சேர்த்துச் சுற்றுவட்டாரத்தில் ஒன்பது பேர் ‘ரெட்டைக்குழல் நண்பர்கள்’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை சுங்கை பெசார் சாலையோரத்து ஒட்டுக்கடை ஒன்றில் தேநீரோடு கூடி, எந்தத் தோட்டா நல்லது, எந்தப் பன்றி எவ்வளவு பெரிது என்று வாய் வலிக்கப் பேசுவோம். எழுதப் படிக்கச் சலிக்காதவன் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

கொரோனாக் கிருமி பரவி, நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஒட்டுக்கடை மூடியது. வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே போகலாம், அதுவும் சாமான் வாங்க மட்டும் என்றார்கள். முச்சந்திக்கு முச்சந்தி போலீசும் ராணுவமும் நின்றன. உண்மையாகச் சொல்கிறேன், நாங்கள் எல்லோரும் நடுங்கிப் போனோம். காட்டுப்பன்றிக்கு எதிரே நின்றவர்கள் பக்கத்து வீட்டுத் தும்மலுக்குச் சன்னலைச் சாத்தினார்கள். நான் கத்தரிக்காயைப் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். ராத்திரி பகலாகத் தொண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் தொண்டை நிஜமாகவே வலித்தது. குழுவில் பன்றிப் படங்கள் நின்று, ஆவி பிடிக்கும் முறையும் யார் யாருக்குக் காய்ச்சல் என்ற புரளியும் வர ஆரம்பித்தன.

இப்படியே விட்டால் எல்லோருக்கும் பைத்தியம் பிடித்துவிடும் என்று செயலாளருக்கு (எனக்குத்தான்) தோன்றியது. ஒரு போட்டி அறிவித்தேன். தினமும் காலையில் அவரவர் துப்பாக்கியை எடுத்துத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஒன்பது மணிக்குள் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். சுத்தமான துப்பாக்கிக்கு வாராவாரம் வெற்றியாளர் பட்டம். இதற்கு ஏழு விதிமுறைகள் வேறு எழுதினேன். (மூன்றாவது: நேரம் தவறினால் பட்டம் பறிக்கப்படும்.)

தங்கராஜு குரல் பதிவு அனுப்பினான். “டேய் கிராணி, பன்னியும் இல்ல, வெடியும் இல்ல, என்னாத்துக்கு லா தொடைக்கச் சொல்ற?” என்றான். ஆனாலும் மறுநாளிலிருந்து அவன் படம்தான் முதலில் வந்தது. பளபளவென்று இருந்தது. முதல் வாரப் பட்டத்தை அவனுக்கே கொடுத்தேன்.

இரண்டாம் வாரத்தில் ஒரு காலை. மணி ஒன்பதேகால். எட்டுப் படங்கள் வந்துவிட்டன, அவனுடையதைக் காணோம். என் துப்பாக்கி சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பர் மேல் கிடந்தது. எண்ணெய்க் கையோடு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். “தங்கராஜு, விதிமுறைன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். பத்து நிமிஷத்துல தொடைச்சிப் படம் அனுப்பு. இல்லன்னா பட்டத்தத் திரும்ப வாங்கிருவேன்!” என்ன ஒரு அதிகாரம், என்ன ஒரு தோரணை! நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

இருபது நிமிடம் கழித்துத் தொலைபேசி அடித்தது. மல்லிகா. லயத்தில் எப்போதுமே லைன் விட்டு விட்டுத்தான் கேட்கும்.

“அண்ணே! ... டப்புன்னு வெடிச்சிருச்சிண்ணே! ... அவரு சுட்டுக்கிட்டாரு ... ஆபீசு மருந்துப் பெட்டிய எடுத்துட்டு ஓடியாங்கண்ணே ...”

அதோடு துண்டித்துவிட்டது. திரும்ப அடித்தேன், போகவில்லை. மறுபடி அடித்தேன், போகவில்லை.

துப்பாக்கி துடைக்கும்போது குழலில் தோட்டா தங்கியிருந்திருக்கிறது. நான் அவசரப்படுத்தினேன், பார்க்காமல் எடுத்திருக்கிறான். அவனைச் சாகடித்தது பன்றியும் இல்லை, கிருமியும் இல்லை, என்னுடைய மூன்றாம் விதிமுறை.

“என்னாங்க, என்னா ஆச்சி?” என்று என் மனைவி விமலா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

“தங்கராஜு சுட்டுக்கிட்டான்” என்றேன். கார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

“மாஸ்க்கு! மாஸ்க்கப் போட்டுட்டுப் போங்க!” என்று கத்திக்கொண்டே அவளும் வாசல்வரை வந்தாள். (போட்டுக்கொண்டேன். ஒரு காதில்.)

அவன் வீட்டுக்கு ஆறு கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் நான் நினைத்ததை எல்லாம் எழுத முடியாது. மல்லிகாவிடம் என்ன சொல்வது? போட்டியை வைத்தவன் நான்தான் என்று உடனே சொல்வதா, காரியம் எல்லாம் முடிந்த பிறகு சொல்வதா? போன் அவள் கையில்தானே இருக்கும், என் கடைசிக் குரல் பதிவை அவள் கேட்டிருப்பாளா? என் அப்பா இறந்து, காரியத்துக்கு எழுந்து போகக்கூட எனக்குத் தெம்பில்லாமல் இருந்தபோது கூடவே மூன்று நாள் படுத்துக்கிடந்தவன் அவன். அவனைப் போய்.

முச்சந்தியில் சாலைத் தடுப்பு. ஒரு போலீஸ்காரர் வெள்ளைக் கருவி ஒன்றை என் நெற்றிக்கு நேரே நீட்டினார். காய்ச்சல் பார்க்கும் கருவிதான். நான் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டேன்.

“என்சிக், நாக் கெ மானா?” ஐயா, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார் பக்கத்திலிருந்த போலீஸ் சார்ஜன்.

பள்ளியில் மலாய் மொழிக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். தோட்டத்தின் அரசாங்கக் கடிதங்களை எல்லாம் நான்தான் எழுதுகிறேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது மூன்றே சொற்கள்.

“காவான் சாயா தெம்பாக்!”

நண்பன் சுட்டுக்கொண்டான் என்று சொல்வதாக எனக்கு எண்ணம். நண்பன் சுட்டான் என்றுதான் அவர் காதில் விழுந்தது. அவர் முகம் மாறியது. “தெம்பாக் சியாப்பா?” என்றார். யாரைச் சுட்டான்?

“டியா! டியா!” என்றேன். அவனை, அவனை. அவனையே என்று சொல்ல ஒரு சிறு சொல் போதும், அது வரவில்லை.

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். மனைவி இருக்கிறாள் என்றேன். துப்பாக்கி இன்னும் அவனிடம் இருக்கிறதா என்றார். ஆமாம், ரெட்டைக்குழல் என்றேன். கேட்டதற்கு எல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னேன். ஒவ்வொரு பதிலுக்கும் அங்கே ஓர் ஆள் கூடினார்.

இரண்டு போலீஸ் வண்டிகள், பின்னால் ஓர் ஆம்புலன்ஸ், அதற்கும் பின்னால் என் பழைய கார். இப்படித்தான் ஆறாங்கட்டைத் தோட்டத்துக்குள் நுழைந்தோம். ஆம்புலன்சிலிருந்து தலைமுதல் கால்வரை வெள்ளை உடை போட்ட இருவர் இறங்கினார்கள். லயத்தில் அத்தனை சன்னல்களும் ஒரே சமயத்தில் சாத்தப்பட்டன. யாரோ ஒரு அம்மா, “ஐயோ, வந்துருச்சி! நம்ம தோட்டத்துக்கும் வந்துருச்சி!” என்று அலறியது மட்டும் கேட்டது. போலீசார் வண்டிக்குப் பின்னால் பதுங்கினார்கள். சார்ஜன் ஒலிபெருக்கியை எடுத்து, கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வா என்று மலாயில் உத்தரவு போட்டார். நான் காருக்குள் குனிந்து கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த சாமிகள் பெயரை எல்லாம் சொன்னேன்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மெல்ல எட்டிப் பார்த்தேன்.

தங்கராஜு நின்றுகொண்டிருந்தான். இடுப்பில் கைலி. தூக்கிய வலது கையில் எண்ணெய் சொட்டும் ஜல்லிக்கரண்டி. இடது கை மணிக்கட்டுவரை பற்பசை பூசி வெள்ளையாக இருந்தது. அவனுக்குப் பின்னால் மல்லிகா ஒரு தட்டைப் பிடித்தபடி நின்றாள். அந்தத் தட்டில் சீடை.

வீட்டில் சும்மா கிடக்க முடியாமல் சீடை சுட்டுப் பார்க்க உட்கார்ந்திருக்கிறான் மனிதன். மாவைச் சலிக்கவில்லை. எண்ணெயில் போட்டதும் வெடித்திருக்கிறது. எண்ணெய் தெறித்துக் கையைச் சுட்டுக்கொண்டான். மல்லிகா சொன்ன ஒவ்வொரு சொல்லும் சத்தியமாக உண்மை. சமையலறையில் புழங்குகிற எவனும் அதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருப்பான். துப்பாக்கிக் குழுவின் செயலாளருக்கு மட்டும் வெடித்தால் தோட்டா, சுட்டால் பிணம்.

தங்கராஜு போலீசைப் பார்த்தான், வெள்ளை உடைகளைப் பார்த்தான், கடைசியாகக் காருக்குள் என்னைப் பார்த்தான்.

“டேய் கிராணி” என்றான். “படம் அனுப்ப லேட்டானதுக்கா லா போலீசக் கூட்டியாந்த?”

நான் காரிலிருந்து இறங்கி நடுச் சாலையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கப் பார்த்தேன். வெள்ளை உடைக்காரர் ஒருவர் ஒரு மீட்டர், ஒரு மீட்டர் என்று கையால் காட்டித் தடுத்தார். (மருந்துப் பெட்டியைக் கொண்டு போகவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஆம்புலன்ஸ்காரர்களே கட்டுப் போட்டார்கள்.)

சார்ஜனுக்கு நடந்ததை மல்லிகா விளக்கினாள். அவளுடைய மலாய் என்னுடையதைவிட ஆயிரம் மடங்கு தெளிவு. அவர் சிரிக்கவில்லை. வந்தது வந்தாயிற்று, துப்பாக்கியைப் பார்க்க வேண்டும் என்றார். தங்கராஜு அலமாரியைத் திறந்து காட்டினான். இரண்டு பூட்டு, உள்ளே உறை, உறைமேல் தூசி.

“டெய்லி தொடைக்கறியே, தூசி எப்படி?” என்றேன் விசும்பலுக்கு நடுவே.

“ஒரே படத்ததான் டெய்லி அனுப்பறேன். வீட்ல சும்மா அத எடுத்து வச்சி வெளையாடறதுக்கு எனக்கு என்னா கிறுக்கா?” என்றான்.

சார்ஜன் தலையை ஆட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். உனக்கும் உரிமம் இருக்கிறதா? இருக்கிறது. உன் துப்பாக்கி பூட்டி வைத்திருக்கிறாயா?

அவர் கேட்டு முடிக்கும்முன் என் முகம் பதில் சொல்லிவிட்டது. சாப்பாட்டு மேசை, பழைய பேப்பர், எண்ணெய்ப் புட்டி எல்லாம் கண்முன் வந்தன. அன்று காலை நான் பட்ட பயங்களிலேயே பெரிய பயம் அதுதான். செத்துவிட்டான் என்று நினைத்தவன் எழுந்து சீடை தின்கிறான், நான் சிறைக்குப் போகப் போகிறேன்.

போலீசோடு திரும்பி வந்தபோது என் வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. மேசையிலிருந்து நாலு எட்டுத் தள்ளி ஒரு நாற்காலியைப் போட்டு, விளக்குமாற்றைக் குறுக்கே பிடித்தபடி விமலா உட்கார்ந்திருந்தாள். தொட்டால் சட்டம், விட்டுப் போனால் திருடன். நான் போனதிலிருந்து அவள் கண்ணைக்கூட எடுக்கவில்லையாம். பூனை ஒன்று மேசைமேல் ஏறப் பார்த்தபோது விரட்டியிருக்கிறாள்.

“உரிமத்துல என் பேரு இல்லன்னுதான் பாக்கறேன் சார்ஜன்” என்றாள். “இருந்தா இந்நேரம் இவரையே சுட்டுருப்பேன்.” (நல்லவேளை, தமிழில்தான் சொன்னாள்.)

துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சிறை இல்லை. ஆனால் விளக்கக் கடிதம், அதற்கு மேல் விளக்கக் கடிதம் என்று எட்டு மாதம் அலைந்தேன். அதற்குள் பன்றிகள் என் கன்றுகளை ஒன்று விடாமல் தின்றுவிட்டன. குழுவில் போட்டி ரத்தானது. என்னைச் செயலாளர் பதவியிலிருந்தும் எடுத்தார்கள், எதிர்ப்பு இல்லாமல்.

அன்றிலிருந்து மல்லிகா என்னைக் கூப்பிட்டால் வணக்கம், நலமா எதுவும் கிடையாது. “அண்ணே, அவரு உசுரோட இருக்காரு” என்றுதான் ஆரம்பிப்பாள். பிறகுதான் விஷயம். உப்பு தீர்ந்துவிட்டது என்றாலும் அதே ஆரம்பம்தான். என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சொந்தக்காரர்கள் வரை பரவி, இப்போது விசேஷ வீடுகளில்கூட என்னைப் பார்த்ததும் யாராவது தன் கணவர் உயிரோடு இருப்பதாகத் தெரிவிக்கிறார்கள்.

அதற்கு அடுத்த வருடம் தங்கராஜுவுக்கே காய்ச்சல் வந்து, மூச்சு வாங்கி, பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பன்னிரண்டு நாள் யாரையும் பார்க்க விடவில்லை. டாக்டரிடம் விசாரித்துவிட்டு ஒவ்வொரு காலையும் மல்லிகா எனக்கு அடிப்பாள்.

“அண்ணே, அவரு உசுரோட இருக்காரு” என்பாள். அந்தப் பன்னிரண்டு நாளும் அதற்குமேல் அவள் எதுவும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பதின்மூன்றாம் நாள் போன் அடித்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் இருமல்தான் முதலில் கேட்டது.

“கிராணி” என்றான். “நானேதான் லா.”