கொம்பன் உறைந்த கதை

தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும் என்பது தலைவாரப் பழகிய எந்தப் பிள்ளைக்கும் தெரியும். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும் அது மறந்துபோயிற்று. படிப்பு ஏற ஏற மூளையின் சில அறைகளை வாடகைக்கு விட்டுவிடுகிறோம் என்பது என் கருத்து. (என் விஷயத்தில் குடிவந்தவரும் காலி செய்துவிட்டார்.)

கொம்பன் என்பது நானும் என் வகுப்புத் தோழன் மீரானும் செய்த சண்டை ரோபோ. தட்டையான உடம்பு, நாலு சக்கரம், முன்னால் முறம் மாதிரி ஒரு தகடு. எதிராளி ரோபோவின் அடியில் அந்தத் தகட்டை நுழைத்துத் தூக்கிக் கவிழ்க்க வேண்டும். தூக்குவதற்கு லீனியர் ஆக்சுவேட்டர் வேண்டும். பெயர்தான் பெரிது. மோட்டார் ஒரு மரைக் கம்பியைச் சுழற்றும், கம்பியில் ஏறியிருக்கும் நட் முன்னால் நகர்ந்து ஒரு தண்டைத் தள்ளும், அவ்வளவுதான். கடையில் கிடைத்தவை கொம்பனின் எடைக்கு ஒத்துவரவில்லை. (எங்கள் சட்டைப்பைக்கும்தான்.) ஆகவே பழைய ட்ரில்லிங் மிஷினின் மோட்டார், சைக்கிள் பம்பின் குழாய், ஹார்டுவேர் கடைக் கம்பி என்று நாங்களே செய்தோம். முதலில் செய்தது வளைந்தது. அடுத்தது மோட்டாரைத் தின்றது. அதற்கடுத்தது எங்கள் வீட்டு அம்மிக்குழவியைத் தூக்கியது. அம்மா கைதட்டினாள்.

அப்பா கைதட்டவில்லை. அவர் தென்காசியில் போலீஸ் ஏட்டு. எங்கள் குடும்பத்தில் பிறந்தவர்கள் போலீஸுக்குப் போவார்கள், இல்லையென்றால் பட்டாளத்துக்குப் போவார்கள். எனக்கோ கோயம்புத்தூரில் ரோபோ செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. கெஞ்சிப் பார்த்தேன். பட்டினி கிடந்து பார்த்தேன் (மதியம் மட்டும்). கடைசியில் அப்பா ஒரு பேச்சுக்கு வந்தார்.

"போட்டிய நானே வந்து பாக்கேன். ஒன் மெஷினு எதிராளிய ஒரு தடவ தூக்கட்டும், கோயம்புத்தூருக்கு நானே டிக்கெட் எடுத்துத் தாரேன். தூக்கலன்னா வாயப் பொத்திக்கிட்டு எஸ்.ஐ. பரீட்சைக்குப் படிக்கணும். சரியாட்டி?"

"சரிப்பா" என்றேன். அம்மிக்குழவியையே தூக்கியவள் என்ற திமிர்.

போட்டியன்று காலையில் கிளம்பும்போது பார்த்தால் கிரீஸ் டப்பா காலி. கடைகள் திறந்திருக்கவில்லை. கம்பி காய்ந்திருந்தால் நட் இறுகிவிடும். "சுத்தமான செக்கு எண்ணெட்டி, இதுல வண்டியே ஓடும்" என்று அம்மா தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை நீட்டினாள். நாலு சொட்டு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். நான் பம்புக் குழாய் நிறைய ஊற்றினேன்.

குற்றாலம் போகும் வழியில் ஒரு கல்லூரியில் போட்டி. சீசன் நேரம். வெளியே சாரல், உள்ளே சிறப்பு விருந்தினரை முன்னிட்டு ஏ.சி. முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது. மஃப்டியில் வந்திருந்த அப்பா முன் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சும்மா ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம் என்று மீரான் ரிமோட்டை அழுத்தினான். மோட்டார் முனகியது. தண்டு அசையவில்லை. குழாயின் வாயில் விரலை விட்டேன். வெள்ளை வெளேரென்று வந்தது.

"என்னது, வெண்ணெயா?" என்றான் மீரான்.

"தேங்கா எண்ணெ."

அவன் என் விரலைப் பிடித்து மோந்து பார்த்தான். "நீ டிஸ்டிங்ஷன்ல்லா?"

ஆக்சுவேட்டரைக் கழற்றிக்கொண்டு வெளியே ஓடினேன். வாசலில் சீசனுக்குப் போட்டிருந்த நேந்திரங்காய் சிப்ஸ் கடையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இத அடுப்புப் பக்கத்துல கொஞ்சம் காட்டிக்கிடுதேன்."

"என்னட்டி, புட்டு அவிக்கப் போறியா?"

"இல்ல அண்ணாச்சி, இது ரோபோவோட கை."

"என்ன கையா இருந்தாலும் சட்டிக்குள்ள வுழுந்துச்சுன்னா சிப்ஸோட சேத்து அள்ளிருவேன், பாத்துக்கோ."

எண்ணெய் உருகியது. ஓடிவந்து மாட்டினோம். தண்டு சுகமாகப் போய்வந்தது. முதல் மோதலே எங்களுடையதுதான். திருநெல்வேலிக் குழுவின் 'புல்டோசர்' எதிரே நின்றது. இன்னும் ஒரு நிமிடத்தில் ஆரம்பித்திருந்தால் ஜெயித்திருப்போம். அப்போதுதான் மைக்கில் அறிவித்தார்கள்: "போட்டியைத் தொடங்கி வைத்துச் சிறப்பு விருந்தினர் சில வார்த்தைகள் பேசுவார்."

சில வார்த்தைகள்! அவர் அருவியின் பெருமையில் தொடங்கினார். அங்கிருந்து தன் இளமைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். 'இறுதியாக' என்றார், எனக்கு உயிர் வந்தது. 'இறுதியாக ஒன்றிரண்டு கருத்துகள்' என்று முடித்தார், வந்த உயிர் போய்விட்டது.

"ஒறையுதா?" என்றான் மீரான் மெதுவாக.

"கெட்டியாவுது."

வேறு வழி தெரியாமல் கொம்பனைத் தூக்கி மடியில் வைத்து, துப்பட்டாவால் போர்த்தி, மார்போடு அணைத்துக்கொண்டேன். வாயால் ஊதவும் செய்தேன். அதைச் சிறப்பு விருந்தினர் பார்த்துவிட்டார்.

"அங்கே பாருங்கள்! தான் படைத்த இயந்திரத்தை ஒரு தாயைப்போல அணைத்திருக்கும் அந்த மாணவியைப் பாருங்கள்!"

அரங்கமே கைதட்டியது. அவர் உற்சாகமாகி, தாய்மையைப் பற்றித் தனியாகப் பேச ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

ஒருவழியாக மணி அடித்தது. கொம்பன் பாய்ந்து போய்ப் புல்டோசருக்கு அடியில் தகட்டை நுழைத்துவிட்டது. "தூக்குலே!" என்று கத்தினேன். மீரான் பொத்தானை அழுத்தினான். மோட்டார் ங்ங்ங் என்றது. தகடு எழும்பவில்லை. புல்டோசர் கொம்பனைத் தள்ளிக்கொண்டே போய் மூலையில் சுவரோடு வைத்து நெரித்தது. எங்கள் பின்சக்கரங்கள் தரையைவிட்டுக் கிளம்பிக் காற்றில் சுற்றின. நகராத ரோபோவுக்கு நடுவர் பத்து எண்ணுவார், அதற்குள் நகராவிட்டால் தோல்வி. எண்ணத் தொடங்கினார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். கட்டிய கையை அவிழ்த்து நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். ஐந்து. ஆறு. மீரான் விரலை எடுக்கவில்லை. கருகல் வாடையோடு தேங்காய் எண்ணெய் வாடையும் கிளம்பியது. எட்டு. கோயம்புத்தூர் என் கண்முன்னே பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. ஒன்பது. பத்து. மணி அடித்துவிட்டார்கள்.

மாட்டிக்கொண்ட மோட்டார் சூடாகி, அந்தச் சூட்டில் எண்ணெய் உருகி முடிந்ததும் அப்போதுதான்.

கொம்பன் எழுந்தது. மெல்ல, வெகு நிதானமாகப் புல்டோசரைத் தூக்கியது. "போதும்மா, நிறுத்துங்க, முடிஞ்சுபோச்சு" என்றார் நடுவர். மீரான் பொத்தானைவிட்டுக் கையை எடுத்தும், உள்ளே ரிலே சுவிட்ச் ஒட்டிக்கொண்டதால் அது நிற்கவில்லை. புல்டோசர் மல்லாந்து விழுந்தது. அதன்பிறகும் தண்டு நீண்டு, கம்பியைவிட்டு நட் கழன்று, கொம்பனும் குப்புற விழுந்தது. ஜெயித்த குழுவே எழுந்து நின்று சிரித்தது.

அப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குத் திரும்பினேன். இலஞ்சி தாண்டியதும் நானே சொன்னேன்: "பரீட்சைக்குப் படிக்கேன்ப்பா."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"எத்தனையோ கேஸ் பாத்துருக்கேன் நான். இதுல மொதக் குத்தவாளி மைக்கப் புடிச்ச அந்த ஆளு. ரெண்டாவது எண்ணெ எடுத்துக் குடுத்த ஒங்க அம்ம. நீ மூணாவதுதான். அதுவும் பத்து எண்ணுன பொறவும் விடாம தூக்குச்சு பாரு, ஒன் மெஷினு. அதுக்காவ ஒன்ன ஜாமீன்ல விடுதேன். கோயம்புத்தூருக்குப் போய்ச் சேரு."

ரோட்டோரம் சாரலில் நின்று, அன்றைக்கு இரண்டாம் முறையாக அழுதேன். இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

போன வருடம் என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் வாழ்த்திப் பேச எழுந்தார். 'இறுதியாக' என்று இரண்டாம் தடவை சொன்னபோது எங்கள் வீட்டுப் பந்தல் மொத்தமும் குலுங்கிச் சிரித்தது. அவர் தன் பேச்சில்தான் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் நீட்டினார். மூன்றாவது 'இறுதியாக' வந்ததும் முன் வரிசையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது:

"அண்ணாச்சி, சீக்கிரம் முடிங்க. பிள்ள ஒறைஞ்சிரப் போறா!"