அது பூசாத சுவர் இல்லை

பதினெட்டு வருடமாகப் பெயின்ட் கடையில் நின்று ஊருக்கெல்லாம் நிறம் சொன்னவன், தன் வீட்டுச் சுவரில் ஒரு சொட்டுப் பெயின்ட் படவிடவில்லை. அந்தப் புத்திசாலி நான்தான்.

கண்டியில் அப்போது சாம்பல் வீடு புதிது. பூச்சில்லாத சிமெந்துச் சுவர், கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி, ஓடு இல்லாத தட்டைக் கூரை. போனில் படம் பார்த்துப் பார்த்தே எனக்குக் கிறுக்குப் பிடித்தது. (மழை ஓயாத ஊரில் தட்டைக் கூரை! படத்தில் மழை பெய்யவில்லையே, நான் என்ன செய்வேன்?) அப்பா திகனயில் விட்டுப்போன துண்டுக் காணியில் அப்படியே ஒன்றைக் கட்டினேன்.

முதல் நாளே தபால்காரர் கேட்டார்: "வேல முடிஞ்சதும் கடிதாசிப் பெட்டி வைப்பீங்கதானே?" பக்கத்து வீட்டு ஆச்சி, என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலப்படாத புள்ள, மெதுவா முடிக்கலாம்" என்று ஆறுதல் சொன்னார். எனக்குப் பெருமை. இவர்களுக்கு விளங்கவில்லை என்பதே இது உயர்ந்த ரசனை என்பதற்கு அத்தாட்சி அல்லவா?

இந்த வீட்டுக்குத்தான் என் தங்கை வசந்தியைப் பெண் பார்க்கக் கடுகண்ணாவையிலிருந்து வந்தார்கள். பேருக்குத்தான் பெண் பார்ப்பு. மாப்பிள்ளை ரவியும் அவளும் கம்ப்யூட்டர் வகுப்பிலேயே பேசி முடித்திருந்தார்கள். ரவியின் அப்பா மாணிக்கம் பாஸ் தலையாட்டினால் போதும். அவர் முப்பது வருடம் மேசன் வேலை செய்தவர்; மேசன்மாரை எங்கள் ஊரில் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். அப்பா இல்லாத வீட்டில் பேச வேண்டிய ஆள் நான்.

"அண்ணே, நீங்க அதிகம் பேசாதீங்க" என்றாள் வசந்தி காலையிலேயே.

மாணிக்கம் பாஸ் கதிரையில் உட்காரவே இல்லை. சுவரை உள்ளங்கையால் தடவினார், விரலை மடக்கித் தட்டினார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்:

"தம்பி, பூச்சுக்கு முன்னமே குடி வந்துட்டீங்க போல. வெக்கப்பட ஒண்ணுமில்ல. ரெண்டு ஞாயித்துக்கெழம நானும் ரவியும் வந்தா பூசிரலாம். சம்பந்தி வீடு, நம்ம வீடுதானே."

அந்த மனிதரின் காலில் விழுந்திருக்க வேண்டும். நான் சிரித்தேன். அதுவும் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி.

"பாஸ், இது பூசாத சுவர் இல்ல. ஸ்டைல்! சாந்துக் கரண்டி புடிக்கிற ஆளுங்களுக்கு இது விளங்காது."

ரவி நிமிர்ந்து பார்த்தான். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வெளியே கொட்டிய மழை, கூரையின் இணைப்பு வழியாக உள்ளே வந்து, டீப்போ மேசையில் இருந்த கேசரித் தட்டின் நடுவில் சொட்டியது. ஒன்று. இரண்டு. பிறகு நூலாகவே இறங்கியது.

மாணிக்கம் பாஸ் மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"தம்பி, ஸ்டைல் ஒழுகுது."

யாரும் சிரிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் மட்டும் சொன்னார்: "நாங்க கரண்டி புடிக்கிற குடும்பம்மா. ஒங்க புள்ள அங்க வந்து கஷ்டப்பட வேணாம்." அப்பாவை மீறத் தெரியாத ரவி பின்னால் போனான். வசந்தி கேசரித் தட்டைத் தூக்கி, தண்ணீரைச் சாய்த்து ஊற்றிவிட்டு அறைக்குள் போனாள். நான் மறுநாள் மன்னிப்புக் கேட்கக் கடுகண்ணாவைக்குப் போனேன். கதவு திறக்கவில்லை.

இப்போது கண்டியில் எந்த வளைவில் திரும்பினாலும் சாம்பல் பெட்டிதான். பல் வைத்தியர் வீடும் அதே, கோழி விற்கிற கடையும் அதே. விருந்துக்குப் போனவர்கள் வேறு வீட்டு மணியை அடித்துவிட்டு அசடு வழிகிறார்கள். அவற்றில் பாதியாவது மாணிக்கம் பாஸ் கட்டியது. "முப்பது வருஷம் பூசிச் சாப்பிட்டேன், இப்ப பூசாம விட்டுச் சாப்பிடுறேன்" என்று டீக்கடையில் சொன்னாராம். (ஒழுகாமல் கட்டத் தெரிந்தவர், கொடுத்துவைத்தவர்.)

வசந்திக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். எங்கள் குடும்பத்தில் அந்த மாதிரி வீட்டுக்கெல்லாம் ஒரே பெயர்: 'மாமா வீடு'. பஸ்ஸில் போகும்போது பிள்ளைகள் சன்னலில் ஒட்டிக்கொண்டு கத்துவார்கள். "அம்மா, மாமா வீடு! அந்தா இன்னொரு மாமா வீடு!" வசந்திதான் எல்லாரையும்விட அதிகம் சிரிப்பாள்.

போன மாதம் கடுகண்ணாவை வழியாகப் போனோம். ஒரு சாம்பல் வீட்டு மாடியில் ரவி ஈரத் துணியை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"மாமா வீடு!" என்றான் சின்னவன்.

"இல்லடா" என்றாள் வசந்தி. "அது வேற வீடு."