டசனுக்குப் பதினொன்று

எனக்கு நாற்காலியில் உட்காரத் தெரியாது. இதை ஒரு வியாதி என்று சொல்லமாட்டேன். வைத்தியரிடம் காட்டியும் இருக்கிறேன், அவரும் சொல்லவில்லை. (காட்டப் போன இடத்திலும் நின்றுகொண்டேதான் காட்டினேன்.) நின்றால் நடக்கவேண்டும், நடந்தால் யாரோடாவது கதைக்கவேண்டும். இப்படிப்பட்டவன் சில்லறைக் கடை வைக்கலாம், பஸ்ஸில் டிக்கற் கிழிக்கலாம். மொத்த வியாபாரம் மட்டும் செய்யக்கூடாது. மொத்த வியாபாரி என்றால் உட்கார்ந்திருப்பவன். இதை என் இருபத்தாறாவது வயதில் இருபத்துநான்கு பெட்டிகள் எனக்குப் படிப்பித்தன.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம். வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக எனக்கு ஒரு மோட்டார் சாமான் கடை இருந்தது. கார்க் கம்பனி தன் பெயர் போட்டு விற்கும் சாமான் அல்ல. வேறு யாரோ செய்து, அதே காருக்குப் பொருந்துகிற சாமான். பிளக், பல்ப், விசிறி பெல்ட், ஹோர்ன். "கம்பனிச் சாமானோ?" என்று கேட்பவர்களிடம், "கம்பனிக்காரனே பாத்தாலும் தன்ரை எண்டுதான் நினைப்பான்" என்பேன். அதற்கே பாதிப் பேர் வாங்குவார்கள்.

அந்தக் கடையில் எனக்கு லாபம் சாமான் அல்ல, சனம். வழக்குப் பார்க்கும் ஒரு ப்ரொக்டர் ஐயா தன் பழைய காரைப்பற்றி, "இது கார் இல்லைத் தம்பி, எனக்கு வாய்ச்ச ரெண்டாவது மாமியார்" என்பார். பாமன்கடையிலிருந்து வரும் ஒரு மாஸ்டர், "தள்ளினா ஓடும், விட்டா நிக்கும், என்ரை மூத்தவன் மாதிரி" என்பார். இந்த மாதிரிக் கதைகளை நான் தீப்பெட்டிப் படம் சேர்ப்பதுபோலச் சேர்த்து வைத்திருந்தேன்.

சும்மா இருந்த என்னைக் கெடுத்தது கல்யாணம். கல்யாணம்கூட இல்லை, கல்யாணப் பேச்சு. கொட்டாஞ்சேனையில் சின்னத்தம்பி என்றொரு தலைமைக் கிளாக்கர் இருந்தார். அரசாங்கக் கந்தோர், கறுப்புக் கோட்டு, சங்கிலி போட்ட மணிக்கூடு. அவருடைய மகள் பவளத்தை ஓர் உறவுக்காரர் வீட்டுச் சடங்கில் கண்டேன். பந்தியில் உட்கார்ந்த நான் ஒரு சாப்பாட்டுக்குள் நான்கு தரம் எழும்பியதைப் பார்த்து அவ சிரித்ததையும் கண்டேன். அன்றிலிருந்து எனக்கு நிற்கவும் தெரியாமல் போய்விட்டது.

பேச்சுக் கொண்டுபோனவரிடம் சின்னத்தம்பியர் சொன்ன பதில் இது: "கவுண்மேந்து உத்தியோகமும் இல்லை. கவுண்டருக்குப் பின்னாலை நிண்டு ஒவ்வொரு பல்ப்பா விக்கிற பெடியனுக்கு நான் எப்பிடிப் பிள்ளையைக் குடுக்கிறது? ஹோல்சேல் எண்டாலாவது யோசிக்கலாம்."

ஒரு மாதத்துக்குள் நான் ஹோல்சேல். வெள்ளவத்தைக் கடையை மச்சான் இரத்தினத்திடம் ஒப்படைத்தேன். கொட்டாஞ்சேனையில், மாமனாராக வரவேண்டியவரின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு ஸ்டோர் எடுத்தேன். கப்பலில் வந்த பிளக்குகள், இருபத்துநான்கு பெட்டி, பெட்டிக்கு ஒரு டசன், ஒவ்வொன்றின் வாயிலும் சிவப்புக் கடதாசி முத்திரை. அவற்றைக் கதவுக்கு நேரே உள்ள தட்டில், முத்திரை வெளியே தெரிய, படைவீரரைப்போல அடுக்கினேன். முன்னால் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால், ஐயோ, ஒரு நாற்காலி.

மொத்த வியாபாரத்தின் சட்டம் ஒன்றே ஒன்றுதான். பெட்டியை உடைக்கக்கூடாது. வெளியூர்க் கடைக்காரர்கள் முத்திரையோடு பெட்டி பெட்டியாக வாங்கிப்போய், தங்கள் ஊரில் ஒவ்வொன்றாக விற்பார்கள். தெருவால் வருகிறவனுக்கு ஒன்று இரண்டு கொடுக்கிறவன் மொத்த வியாபாரி அல்ல.

முதல் நாள் உட்கார்ந்தேன். ஒருவரும் வரவில்லை. மேசையைத் துடைத்தேன். மேசையை இடம் மாற்றினேன். வாசலில் போய் நின்று ட்ராமுக்கு ஓடுகிறவர்களை எண்ணினேன். தேவாலய மணி அடித்தது. ஒரு மணித்தியாலம் போயிருக்கும் என்று பார்த்தால் கால் மணிதான். பக்கத்து இரும்புக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, கூட்டுக்குள்ள விட்ட புலி மாதிரி?" என்றார். அதையும் சேர்த்துவைத்தேன், வேறு வரவு இல்லாததால்.

இரண்டாம் நாள் காலை, கதவு திறந்த கையோடு ஒருவன் வந்தான். சோமபால. சந்தியில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். ஒரு விரலைக் காட்டி, "முதலாளி, ப்ளக் எகக்" என்றான். காரின் நான்கு பிளக்கில் ஒன்று செத்துவிட்டதாம்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். முடியவில்லை. காலையில் கடை திறந்ததும் வரும் முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைய வியாபாரம் முழுதும் அவனோடு நடந்து போய்விடும் என்பது எங்கள் கடைத்தெருவின் நம்பிக்கை. முதல் வியாபாரத்துக்காக நட்டத்துக்கு விற்றிருக்கிறேன். ஒரு தரம் விலாசம் கேட்க வந்தவரிடமே ஒரு பல்ப்பை விற்றிருக்கிறேன். (அவரிடம் கார் இல்லை.) அப்படிப்பட்டவன் நேரே தட்டில் இருநூற்றுச் சொச்சம் பிளக்கை வைத்துக்கொண்டு எப்படி இல்லை என்பது?

சவர அலகால் ஒரு பெட்டியின் முத்திரையை நோகாமல் கீறினேன். ஒன்றை எடுத்து, மொத்த விலைக்கே கொடுத்தேன். மிஞ்சிய சோற்றை மசித்து, பசைபோலத் தடவி, முத்திரையைத் திரும்ப ஒட்டினேன். அடுத்த கப்பல் வந்ததும் நிரப்பிவிடலாம். வெளியில் பார்த்தால் பெட்டி கன்னி கழியாத மாதிரி இருந்தது.

மறுநாள் காலை சோமபாலவின் கூட்டாளி வந்தான். அவனும் முதல் ஆள். இப்போதுதான் என் மூளை உச்சத்தில் வேலை செய்தது. உடைத்த பெட்டியிலேயே எடுத்துக்கொண்டு போனால் அது ஒரு நாள் வெறும் பெட்டியாகி, என் படையில் ஓட்டை விழும். ஆகவே இரண்டாவது பெட்டியைக் கீறினேன். நாலாம் நாள் மூன்றாவது. சந்தியில் நின்ற சாரதிகள், முதல் ஆளுக்கு மட்டும்தான் கிடைக்கும் என்று கண்டு, தங்களுக்குள் முறைவைத்துக்கொண்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அந்த ஒரு பத்து நிமிஷமும் நான் மனுசனாக இருந்தேன். கதை கேட்டேன், எஞ்சினுக்குக் காது கொடுத்தேன். மிச்ச நாள் முழுதும் நாற்காலியைச் சுற்றி நடந்தேன். இப்படி இருபத்துநான்கு காலைகள்.

அடுத்த நாளுக்குத்தான் சேகு நானா வருவதாக இருந்தது. தெற்கே காலி நகரப் பக்கத்தில் மூன்று ஊரில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த பெரிய வியாபாரி. அவர் என்னிடம் வாங்கத் தொடங்கினால் நான் மொத்த வியாபாரி; இல்லையென்றால் பூட்டிய கதவு. அவர் வந்து தட்டைப் பார்ப்பார், ஓடர் தருவார், புதுக் கப்பல் சாமானில் அனுப்பலாம். இதுதான் என் கணக்கு. அந்தக் கண்கொள்ளாக் காட்சியைக் காண வரும்படி சின்னத்தம்பியருக்கு நானே ஆள் அனுப்பினேன். (யாரும் வற்புறுத்தவில்லை. நானே.)

அன்று காலை சாரதி ஒருவரும் வரவில்லை. நல்ல சகுனம் என்று நினைத்தேன். பத்து மணிக்குச் சின்னத்தம்பியர் கோட்டோடு வந்து என் நாற்காலியில் அமர்ந்தார். ஒரு மனிதர் அவ்வளவு அசையாமல் உட்காரமுடியும் என்று அன்றுதான் கண்டேன். சற்று நேரத்தில் சேகு நானா, வெள்ளைத் தொப்பி, கையில் குடை.

"தட்டு வடிவா ஈக்கி தம்பி," என்றார். சின்னத்தம்பியர் தலையை ஒரு நூல் அளவு அசைத்தார். என் நெஞ்சு வீங்கியது.

"இருவத்தினாலையும் எடுக்கிறன். பின்னேர ரயில்லயே ஏத்தோணும்."

வீங்கினது அப்படியே நின்றது. "நானா, புதுச் சரக்கு வருகுது. அதிலை இன்னும் நல்ல..."

"இதுக்கு என்ன குறை?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பெட்டியை எடுத்துக் காதருகில் வைத்துக் குலுக்கினார்.

இது அவருடைய பழக்கமாம். நிறைந்த பெட்டி சத்தம்போடாது. ஒன்று குறைந்தால் மற்றவை ஆடும். பெட்டி 'கிடுக்' என்றது. அவர் புருவம் உயர்ந்தது. அடுத்ததை எடுத்தார். கிடுக். அதற்கடுத்தது. கிடுக் கிடுக். இருபத்துநான்கையும் விடவில்லை மனுசன். அந்தச் சின்ன ஸ்டோருக்குள் ஒரு மிருதங்கக் கச்சேரியே நடந்தது. நான் மேசையிலிருந்து கதவுக்கும் கதவிலிருந்து மேசைக்குமாக அதற்கு ஆடிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு முத்திரையை நகத்தால் சுரண்டினார். ஒரு சோற்றுப் பருக்கை அவருடைய விரலோடு வந்தது.

"சோறு," என்றார் சேகு நானா.

சின்னத்தம்பியர் எழும்பிவந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "ஓம், சோறுதான்."

"நாப்பது வருஷமா யாவாரம் செய்றன் தம்பி. ஒரு பெட்டில களவெடுத்தவன கண்டீக்கிறன். எல்லாப் பெட்டிலயும் ஒரே அளவா களவெடுத்தவன இண்டைக்கித்தான் காணுறன்."

 எலி என்று சொல்ல நினைத்தேன். பிளக் தின்னும் எலி. அந்த நேரத்தில்தான் வாசலில் மூச்சிரைக்கச் சோமபால வந்து நின்றான், ஒரு விரலைக் காட்டிக்கொண்டு.

"முதலாளி, லேட் ஆயிட்டு. இன்னைக்கி என்ட முறை. இன்னும் ஒருத்தனும் வரல்ல தானே? முதல் ஆளுக்கு ஒண்ணு தானே?"

சேகு நானா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். மெதுவாக எல்லாவற்றையும் அவனிடம் கேட்டு அறிந்தார். சோமபாலவும் ஒளிக்காமல், முறை வைத்த ஒழுங்கு உட்பட, விளக்கமாகச் சொன்னான். ஐந்து நிமிஷத்தில் நான் கள்ளன் என்ற நிலையிலிருந்து மடையன் என்ற நிலைக்கு உயர்ந்தேன்.

சின்னத்தம்பியர் மட்டும் ஏதோ மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ரெண்டே ரெண்டு பெட்டியை மட்டும் காலியாக்கியிருந்தா, மிச்சம் இருவத்திரண்டும் முழுசா இருந்திருக்கும்."

இது எனக்கு அதுவரை தோன்றவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அவரும் நம்பவில்லை. நான் வாங்கிவைத்த தேத்தண்ணியைத் தொடாமல் போனார்.

சேகு நானா குடையை எடுத்து, அதன் முனையால் என் நாற்காலியைக் காட்டினார். "முத்திரை உடைஞ்ச சாமான் எனக்கி வாணாம். கோவமில்ல தம்பி. ஆனா கதவத் தொறந்த ஒடன வாறவன அனுப்ப ஏலாத மனிசருக்கு இந்தக் கதிர சரிவராது." வாசல்வரை போய்த் திரும்பினார். "அவனுக்கு ஒண்ணக் குடுங்க. பாவம், நிக்கிறான்."

கொடுத்தேன். அந்த வாரமே ஸ்டோர் கதவைப் பூட்டி வெள்ளவத்தைக்குத் திரும்பினேன். இரத்தினம் கவுண்டருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நின்று எனக்கு இடம்விட்டான்.

பிறகு நடந்தது எனக்குப் பவளம் சொல்லித் தெரியும். அன்று வீட்டுக்குப் போன அப்பா, "அந்தச் சம்பந்தம் சரிவராது" என்று மட்டும் சொன்னாராம். ஏன் என்று தாய் விடாமல் கேட்க, விளங்கப்படுத்த ஒரு தீப்பெட்டியை எடுத்துக் காதருகில் வைத்துக் குலுக்கினாராம். குசினிக்குள் இருந்த பவளத்துக்குச் சிரிப்பு வந்து, காய் அரிந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து சிரித்தாவாம். சிரித்து முடித்துக் கேட்டாவாம்: "ஏனப்பா, வாசலடியிலை ஒரு பெட்டியை முதல் ஆளுக்கெண்டே உடைச்சு வைச்சா முடிஞ்சுதே. அவருக்குச் சொல்லிக்குடுக்க ஆளில்லையோ?"

தலைமைக் கிளாக்கர் தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "இல்லைப்போலைதான் கிடக்கு" என்றாராம்.

கல்யாணத்தன்று எங்கள் பக்கத்தார் கூறையும் தாலிப் பெட்டியும் கொண்டுபோய்ச் சபையில் வைத்தார்கள். சின்னத்தம்பியர் தாலிப் பெட்டியை எடுத்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் காதருகில் கொண்டுபோய்க் குலுக்கினார். பெட்டி 'கிடுக்' என்றது. 

"பிழையில்லை," என்றார். "இதிலை ஒண்டுதான் இருக்கவேணும்."

இரண்டு வருஷம் கழித்து, வாசலடியில் ஓர் உடைத்த பெட்டியோடு, மறுபடி மொத்த வியாபாரம் தொடங்கினேன். நாற்காலியில் உட்கார்ந்தவ பவளம். சேகு நானா வந்தார், குலுக்கினார், எடுத்தார். அது நல்லபடியாக நடந்ததால் அதை எங்கள் வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. ஆனால் இன்றைக்கும் நான் என்ன வாங்கிவந்தாலும், பிஸ்கட் டின்னோ மருந்துப் போத்தலோ, வீட்டில் யாராவது அதை வாங்கிக் காதருகில் வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோவார்கள். போன கிழமை முட்டை வாங்கிவந்தேன். வாசலில் வைத்துப் பவளத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன்.