தலைப்புக்குக் கீழே மூன்று மில்லிமீட்டர்

இந்தக் குடும்பத்தின் பெருமை அளவிட முடியாதது. அதையும் அளந்து ஒரே பக்கத்தில் அடக்கிய அந்த மாபெரும் பிற்பகலில் அச்சகத்தின் கணினி அறையில் இருந்தவர்கள்: எடையளவுத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், அவருடைய தம்பி, தேனீ வளர்ப்பைப் பற்றி நூல் எழுதிய மருமகள், பக்கம் அமைக்கும் அம்மாள், யார் வந்தாலும் மரியாதை காட்டத் தெரியாத ஒரு கணினி.

நான்கு மணிக்கு அச்சு ஓட வேண்டும். மருமகளுக்கு இது முதல் நூல். ஆறு வருட உழைப்பு, கணக்கில்லாத கொட்டு. தலைப்புக்குக் கீழே தன் பெயர் வந்தால் போதும் என்றிருந்தாள்.

ஆனால் குடும்பம் என்று ஒன்று இருக்கிறதே! ‘ஆசி வழங்கியோர்’ இல்லாமல் நூல் வெளிவருவது, பெரியவரைப் பொறுத்தவரை, சட்டை போடாமல் தெருவுக்கு வருவது.

“உங்க பேரு பதினெட்டு பாயின்ட் எழுத்துல இருக்குங்க ஐயா,” என்றார் அம்மாள்.

“ரெண்டு கூட்டுங்க.”

கூட்டினார். திரையில் சிவப்பு எழுத்து வந்தது.

“நீளத்தோட வெறும் நம்பரைக் கூட்ட மாட்டேங்குது,” என்று அம்மாள் படித்துச் சொன்னார். “ ரெண்டு என்ன? பாயின்ட்டா, மில்லிமீட்டரா, சென்டிமீட்டரா?”

அலகு எழுதாத கடைக்காரர்களுக்கெல்லாம் அபராதம் போட்டவர் பெரியவர். அவரிடமே அலகு கேட்கிறது ஒரு பெட்டி! முதுகை இன்னும் நிமிர்த்தினார்.

“நான் ரெண்டுன்னா ரெண்டு. அதுக்குப் புரியலேன்னா, தலைப்புக்குக் கீழ இருக்கற இடத்துல ஐம்பது சதவீதம் எனக்குப் போடுங்க.”

தம்பி இருமினார். “நான் கூடுதலா கேக்கலண்ணே. உங்களுக்கு எவ்வளவோ அவ்வளவு.”

“இந்தப் பெருந்தன்மைதான்டா நம்ம குடும்பம்!” பெரியவர் நெகிழ்ந்தார். “ஆனா ரெண்டும் ஒட்டக் கூடாது. நடுவுல மூணு மில்லிமீட்டர் விடுங்க.”

“மாமா, என் பேரு?”

“உனக்கில்லாததா? மிச்சம் பூரா உனக்குத்தாம்மா!”

கணினி நூறு சதவீதத்தில் ஐம்பதைக் கழித்தது. இன்னோர் ஐம்பதைக் கழித்தது. மூன்று மில்லிமீட்டரையும் மறக்காமல் கழித்தது.

“மிச்சம் மைனஸ் மூணு மில்லிமீட்டர்,” என்றார் அம்மாள். “அந்த அளவுல போட்டா எழுத்து தலைகீழா விழும்.”

“மாமா, நீங்க கொஞ்சம் குறைச்சுக்கிட்டா…”

“அளவுல குறைக்கறது குத்தம்மா! எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன்!”

“அப்ப தலைகீழாவே போட்டுடவா?” என்றார் அம்மாள்.

“எங்க வீட்டு மருமக பேரு தலைகீழாவா? மானம் என்னாகறது!”

மணி மூன்று ஐம்பத்தெட்டு. பெரியவர் தயங்காமல் முடிவெடுத்தார். நூல் குறித்த நேரத்தில் அச்சேறியது.

நூலாசிரியரின் பெயர் தலைகீழாக அச்சாகிவிட்டதென்று உறவினர் சிலர் வதந்தி பரப்பி வருகிறார்கள். அது அப்பட்டமான பொய். பெயர் அச்சாகவே இல்லை.